இரண்டாம் தரக் காரணர்

ஈப்போவில் நீங்கள் காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது காலடியில் ஒரு வெள்ளைக் கோடு இருக்குமே, அதைப் போட்டவன் நான். எல்லாக் கோடும் என்று சொல்லமாட்டேன். மூன்று பேரங்காடி, நான்கு பள்ளிக்கூடம், ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் பாதி. இருபத்திரண்டு வருடமாகப் போடுகிறேன். கயிறு பிடிக்காமலே ஐம்பது அடி நேராக இழுப்பேன். இதுவரை ஒருவராவது குனிந்து பார்த்து, இது யார் கைவண்ணம் என்று கேட்டதில்லை. டயரை ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, இந்தப் பத்துமலைப் பயலுக்குப் பொறாமை என்பீர்கள். பொறாமைதான். இல்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. இல்லை என்று சொன்னது பேராக் மனக்கலை அறிவியல் மன்றம். அதுவும் சும்மா சொல்லவில்லை, முத்திரை குத்திச் சொன்னது.

என் மனைவி புனிதா ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஓய்வு. அன்றைக்குச் சமையல் முடிந்ததும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதாவது வரைவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு அக்கா சீரியல் பார்க்கிறாள், இவள் வரைகிறாள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் மன்றத்துக்காரர்கள் தொழிற்சாலைக்கு வந்தார்கள். பெண் தொழிலாளர்களின் மனத்தை ஓவியத்தின் வழியாகப் பரிசோதிக்கும் திட்டமாம். பெண்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு தாளும் பத்து நிமிடமும் கொடுத்தார்கள். ஆண்களுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்து, பாரம் தூக்கும் வண்டியைப் பத்திரமாக ஓட்டுவது எப்படி என்று படம் போட்டுக் காட்டினார்கள். பத்து நிமிடத்தில் படம் வராது என்று சொல்லி, புனிதா பையில் சுருட்டி வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நான்தான் பிரித்தேன்.

'அன்புடையீர், தங்கள் ஓவியத்தில் துயரம் இருப்பது முதற்கட்டமாகக் கண்டறியப்பட்டுள்ளது. வாழ்த்துகள். அடுத்த கட்ட அளவீட்டுக்குக் கணவர், தகப்பனார் அல்லது பொறுப்பான ஓர் ஆணுடன் வருகை தரவும்.'

அந்த 'வாழ்த்துகள்' என்ற சொல்லை நான்கு முறை படித்தேன். எனக்கு யாரும் எதற்கும் வாழ்த்துச் சொல்லிக் கடிதம் போட்டதில்லை.

"என்னா புனிதா, ஒனக்குத் துயரம் இருக்காம்லா."

"எங்க?"

"படத்துல."

"அது எங்க ஃபேக்டரிங்க. கையுறை காயுற எடம்," என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மன்றம் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கத்தில், மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்தின் துரை பங்களாவில் இருக்கிறது. சுற்றிலும் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. அதே தோட்டத்தில் பால் வெட்டிய என் அப்பா, அந்த பங்களாவின் படிக்குக் கீழேயே நின்று பேசிவிட்டுத் திரும்பியவர். எங்களை உள்ளேயே கூப்பிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, தலையில் ஒயர் மாட்டினார்கள். முன்னேற்றம்தான்.

உள்ளே இரண்டு கதவுகள். ஒன்றில் 'பெண்கள்: உணர்வு' என்றும் மற்றதில் 'ஆண்கள்: சிந்தனை' என்றும் எழுதியிருந்தது. உணர்வு அறையில் முப்பது பெண்கள், ஒரே ஒரு மின்விசிறி, கைக்குக் கை மாறும் ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. சிந்தனை அறையில் சோபா, ஏர்கான், நான். சிந்திப்பதற்கு எதுவும் கிடைக்காததால் கதவிடுக்கு வழியாக உணர்வு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரமிளா என்ற பெண் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து, புனிதாவின் தலையில் நீச்சல் தொப்பி போல ஒன்றை மாட்டினாள். அதிலிருந்து பதினாறு ஒயர்கள் ஒரு பெட்டிக்குப் போயின. பெட்டியில் ஒரு முள் ஆடியது. எதிரே புனிதாவின் படத்தை மாட்டி வைத்திருந்தார்கள். நானும் அப்போதுதான் அதை நன்றாகப் பார்த்தேன். வெள்ளைக் கைகள். வரிசை வரிசையாக, விரல் மேலே பார்க்க, ஒரு நீளமான கூடத்தின் கோடி வரைக்கும் போகின்றன. கடைசிக் கைகள் அரிசி அளவுதான் இருந்தன, ஆனாலும் அவற்றுக்கும் ஐந்து விரல் இருந்தது. ஆள் ஒருவரும் இல்லை.

நன்றாக இருந்தது. அந்தக் கூடத்தின் தரைக்கோடுகள் இரண்டும் அவ்வளவு நேராக இருந்தன. நான் போட்டிருந்தால்கூட அவ்வளவு நேராக வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மன்றத்தின் இயக்குநர் டாக்டர் மகேந்திரன் வந்தார். கோட்டுப் போட்டவர், மெல்லப் பேசுகிறவர். ஒரு குச்சியால் படத்தைத் தொட்டார்.

"பாருங்கள். எத்தனை கைகள்! யாரை நோக்கி நீள்கின்றன? யாரிடம் கெஞ்சுகின்றன?"

"அது கையுறைங்க டாக்டர். அச்சுல மாட்டி காய வப்போம்," என்றாள் புனிதா.

"மறுப்பு," என்றார் டாக்டர். பிரமிளா எழுதிக்கொண்டாள். "துயரத்தின் முதல் அடையாளமே மறுப்புதான். ஒரு பெண் வரைந்தால் அது மனம். ஓர் ஆண் வரைந்தால் அது கலை. இந்த வேறுபாட்டை மதிப்பதைத்தான் நாங்கள் சமத்துவம் என்கிறோம். முப்பது ஆண்டு ஆய்வு. முப்பது ஆண்டில் ஒரு பெண்கூட எங்களிடம் வேறு மாதிரி சொன்னதில்லை. சொன்னவர்களை மறுப்பில் சேர்த்துவிட்டோம்."

பிறகு குச்சி படத்தின் கீழ் மூலைக்குப் போனது. அங்கே கறுப்பாக, ஐந்து காசு அளவில், ஒரு பொட்டு.

"இதோ. இத்தனை வெண்மையில் ஒரே ஒரு கறுப்பு. மூலையில் பதுங்கியிருக்கிறது, ஆனால் படம் முழுவதையும் ஆள்கிறது. இது யார்?" சிந்தனை அறைப் பக்கம் திரும்பினார். "இது கணவர்."

முப்பது பெண்களும் கதவிடுக்கைப் பார்த்தார்கள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வரவில்லை. நான் படத்தில் இருக்கிறேன் என்று கேட்டதும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். புனிதா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் தொப்பியைக் கழற்றி அடுத்த பெண்ணின் தலையில் மாட்டிவிட்டார்கள்.

அந்த அடுத்த பெண் ராக்காயி அக்கா. புனிதாவின் தொழிற்சாலையில்தான் வேலை. அவருடைய கணவன் இரண்டு வருடத்துக்கு முன்னால் திருகிய வலது மணிக்கட்டு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. அவர் ஒரு கோழி வரைந்திருந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் கொழுத்த சேவல் கோழி. பெட்டியின் முள் மகிழ்ச்சிப் பக்கம் போய் நின்றுவிட்டது.

"மன்னிக்க வேண்டும் அம்மா. இதில் துயரத்துக்கு ஆதாரம் இல்லை," என்றார் டாக்டர். "கொஞ்சம் யோசித்து வேறொன்று வரைந்து கொண்டுவாருங்கள்."

"கோழி வரயறப்பதான் எனக்குக் கையி வலிக்கல சார்," என்றார் அக்கா. அதற்கு அவர்கள் ஃபாரத்தில் கட்டம் இல்லை.

எல்லாரும் போன பிறகு நான் பிரமிளாவிடம் போனேன்.

"தங்கச்சி, எனக்கும் மாட்டிப் பாரு."

"அண்ணே, ஆம்பளைங்களுக்கு உணர்வு பாக்க ஃபாரமே இல்ல."

"பொம்பளைங்க ஃபாரத்துலயே எழுது லா."

அவள் பாவம், நல்ல பெண். ஒரு தாள் கொடுத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். பதினாறு கார் நிறுத்துமிடம், மாற்றுத்திறனாளிகளுக்கு இரண்டு, உள்ளே போகும் வழிக்கு ஓர் அம்பு. ஸ்கேல் கேட்கவில்லை. தொப்பியை மாட்டினாள். முள் அசையவே இல்லை. பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். அப்போதும் அசையவில்லை.

டாக்டர் என் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "தெளிவான மனம். ஒரு குறையும் இல்லை. நீங்கள் வீட்டுக்குப் போகலாம்."

"அப்ப கலை?"

"கலைக்குள் ஏதாவது இருக்க வேண்டுமே ஐயா."

"எனக்கும் கவலை இருக்கு டாக்டர். முட்டி வலி. வெயில்ல நிக்கிறது. என் மவன் ஜொகூருக்குப் போயி ஒரு போன் பண்றதில்ல."

"ஆண்களுக்கு அது அனுபவம். நிதானம் என்ற கட்டத்தில் வரும்."

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "அப்ப நான் துயரம் வேணும்னா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் போவணுமா?" என்று கத்தினேன்.

பிரமிளா என் காதருகில் சொன்னாள்: "அங்க போனா மருந்து குடுப்பாங்கண்ணே. சான்றிதழ் எல்லாம் குடுக்க மாட்டாங்க."

திரும்பும் வழி முழுக்க மோட்டார் சைக்கிளில் புனிதா என் பின்னால் உட்கார்ந்து ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வந்தாள். துயரம் எட்டு புள்ளி ஐந்து என்று சீட்டு வாங்கியவள் பாடிக்கொண்டு வருகிறாள். ஒரு குறையும் இல்லாதவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறேன். இதை எந்த முள் காட்டும்?

புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் அபுபக்கர் அண்ணன் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். மனசு சரியில்லை என்றால் அங்கேதான் போவேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தேத்தண்ணியை இழுத்து ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஒம் பொண்டாட்டிக்கு நல்லது நடந்தா ஒனக்கு என்னாலா எரியுது?"

"எரியல அண்ணே. நானும் இருவத்திரண்டு வருசமா பெயிண்டுதான் அடிக்கிறேன். அவளுக்கு மட்டும் ஏன்?"

"அதுக்குப் பேருதான் எரியறது," என்று சொல்லி, சர்க்கரை அதிகமாகப் போட்டு ஒரு தேத்தண்ணியை என் முன்னால் வைத்தார்.

அடுத்த வாரம் இரண்டாவது கடிதம் வந்தது. புனிதாவின் படம் ஈப்போ கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். விதி பதினான்கின்படி, காரணம் இல்லாத துயரத்தைச் சுவரில் மாட்ட முடியாது. துயரத்துக்குக் காரணமானவரின் பெயரையும் உறவுமுறையையும் எழுதி, சம்பந்தப்பட்டவரிடமே கையெழுத்து வாங்கி, ஒரு சாட்சியோடு அனுப்ப வேண்டும்.

புனிதா ஃபாரத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். "எனக்கு அப்படி யாரும் இல்லங்க. மாட்டாட்டி போவுது. படத்த மட்டும் திருப்பி வாங்கிட்டு வாங்க," என்றாள்.

சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆசை இருந்தது அவளுக்கு. அந்தப் படம் சுவரில் ஏற வேண்டும், கீழே புனிதா என்று எழுதியிருக்க வேண்டும், அவளோடு வேலை செய்கிறவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. கண்காட்சிக்கு என்று ஒரு நீலப் புடவையைத் தேய்த்து அலமாரியில் மாட்டியிருந்தாள். அது எனக்குத் தெரியும். அவளுக்காகத்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்னால் பொய். 'காரணர் பெயர்' என்று இருந்த அந்தக் காலியான இடத்தைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. படம் வரையத் தெரியாவிட்டால் என்ன, காரணமாக இருக்கத் தெரியாதா?

அவளிடம் சொல்லாமல் பத்து காஜாவுக்குப் போனேன். காரணர் தகுதி நேர்காணல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். டாக்டர் நடுவில், பிரமிளா ஓரத்தில்.

"மனைவியை அடித்ததுண்டா?"

"இல்ல."

"குடி?"

"தீபாவளிக்கு ஒரு ஸ்டௌட்டு. அதயும் அவதான் ஊத்திக் குடுப்பா."

"வேறு பெண்?"

"வெயில்ல கோடு போடறவன் டாக்டர். எவ வருவா?"

டாக்டர் முகம் வாடிவிட்டது. "ஒத்துழையுங்கள் ஐயா. நல்ல படம் அது. உங்களால் கெட்டுப்போகக் கூடாது."

நான் வேர்த்துப்போய் யோசித்தேன். "ஒருதரம் கல்யாண நாளுக்கு அரிசி குக்கர் வாங்கிக் குடுத்தேன்."

"ஆ!" இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "சமையலறைக்குள் முடக்குதல். ஆறு புள்ளி. அப்புறம்?"

"கலர் பென்சில் வேணும்னு கேட்டா. இந்த வயசுல எதுக்குன்னு கேட்டேன். அப்புறம் அவ கேக்கல."

"அது சாதாரணப் பேச்சு. புள்ளி கிடையாது," என்று டாக்டர் அந்த வரியை அடித்துவிட்டார்.

கடைசியாக எனக்கும் தொப்பி மாட்டினார்கள். இந்தத் தடவை எதிரே புனிதாவின் படத்தை வைத்தார்கள். முள் துள்ளியது. ஓடிப்போய் ஓரத்தில் முட்டி நின்று நடுங்கியது. பிரமிளா அட்டவணையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இது பொறாமை," என்றாள்.

"பெண்கள் பக்கத்தைப் பார்க்கிறாய். ஆண்கள் பக்கத்தைப் பார்."

"ஆம்பளைங்க பக்கத்துல பொறாமைன்னு ஒரு வரியே இல்ல சார்."

"இல்லைதான். அதே இடத்தில் என்ன போட்டிருக்கிறது?"

"இலட்சிய வேட்கை."

"எழுது."

இலட்சிய வேட்கை உள்ள இரண்டாம் தரக் காரணர் என்று எனக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். முதல் தரத்துக்கு அடித்திருக்க வேண்டுமாம். சாட்சிக் கையெழுத்துக்கு அபுபக்கர் அண்ணனிடம் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"இதுல நீ ஒம் பொண்டாட்டிய கொடுமப்படுத்துறேன்னு போட்டுருக்கு லா."

"ஆமாண்ணே."

"நீயா? அவ சத்தமா தும்முனா ஓடிப்போயி மருந்து வாங்குற ஆளு நீ. நான் எப்படி பொய்க்குக் கையெழுத்துப் போடறது?"

"குக்கர் வாங்கிக் குடுத்தது உண்மதானே அண்ணே?"

அவர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, 'குக்கர் வாங்கியது உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மன்றத்துக்கு அது போதுமாக இருந்தது.

கண்காட்சி ஈப்போவில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை. குத்துவிளக்கு, மைக், தின்னக் கறிபாப், மாண்புமிகு ஒருவர். புனிதா அந்த நீலப் புடவையில் வந்தாள். எப்படியோ அனுமதி கிடைத்துவிட்டது என்று மட்டும் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அவளுடைய படத்தை நடுச்சுவரில் மாட்டியிருந்தார்கள். கீழே அட்டை: 'ஓவியம்: புனிதா. காரணம்: கணவர் பத்துமலை, இரண்டாம் தரம்.' அளந்து பார்த்தேன். அவள் பெயர் இரண்டு விரற்கடை. என் பெயர் இரண்டரை. அதன் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மக்கள் வந்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், அட்டையைப் படித்தார்கள், என்னைத் தேடினார்கள். ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மனுசனா நீயெல்லாம்?" என்று கேட்டார். தேநீர் ஊற்றிய பெண் எனக்கு மட்டும் சர்க்கரை போடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஊர் நின்று என் முகத்தைப் பார்த்தது. இந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை.

புனிதா அட்டைக்கு முன்னால் நின்றாள். ஒரு தடவை படித்தாள். மறுபடியும் படித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

மாண்புமிகு பேசினார். "பெண்களின் கண்ணீர் இந்த மாநிலத்தின் வளம். ஒரு காலத்தில் ஈயம், பிறகு ரப்பர், இன்று கண்ணீர். இதை வீணாக்காமல் சேகரித்த மன்றத்தைப் பாராட்டுகிறேன். அடுத்த ஆண்டு நூறு துயரங்கள் என்று இலக்கு வைப்போம். அதற்கு ஆண்கள் தங்கள் பங்கை ஆற்ற வேண்டும்." கைதட்டல் பலமாக இருந்தது.

பிறகு துயரச் சாட்சியம். புனிதாவை மேடைக்குக் கூப்பிட்டு, கைக்குட்டைப் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். அவள் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"வணக்கம். நான் கையுறை ஃபேக்டரியில வேல செய்யிறேன். ஷிஃப்டு மாறுற நேரத்துல ஒரு அஞ்சு நிமிசம் யாரும் இருக்க மாட்டாங்க. மிசின் நிக்கும். அப்ப சன்னல் வழியா வெளிச்சம் வரும் பாருங்க, எல்லாக் கையுறையும் அப்படியே நிக்கும். அழகா இருக்கும். அத வரஞ்சேன். அழல. சந்தோசமாத்தான் வரஞ்சேன்." மைக்கைக் கை மாற்றிக்கொண்டாள். "என் வீட்டுக்காரரு என்னைய கொடுமப்படுத்தல. அந்தக் கறுப்பு, கிச்சாப்பு. மீ சாப்டறப்ப சிந்திருச்சு. வரையறப்ப நான் அவர நெனைக்கவே இல்லீங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது பார்த்த பார்வை வேறு. கொடுமைக்காரனைப் பார்த்தபோது கண்ணில் ஒரு மரியாதை இருந்தது. இப்போது பரிதாபம்.

கிச்சாப். நூடுல்ஸில் ஊற்றிக்கொள்ளும் சோயாச் சாறு. நான் அந்தப் படத்தில் கறுப்பாகவாவது இருக்கிறேன் என்று ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவள் வாரத்துக்கு ஒரு மதியம், இத்தனை வருடமாக, நான் இல்லாத ஓர் இடத்துக்குப் போய்விட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வந்திருக்கிறாள். அவள் என்னை வெறுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

மேடைக்குப் பின்னால் அவசரக் கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். டாக்டர் கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்.

"துயரம் பூஜ்யம். காரணம் பூஜ்யம். திறமை மட்டும் ஒன்பது புள்ளி இரண்டு. பெண்கள் அட்டவணையில் இப்படி ஓர் எண்ணே வராது. ஆகவே அறிவியல்படி இது ஆண் மனம் வரைந்த படம்."

"சார், அந்த அக்காதானே வரஞ்சாங்க," என்றாள் பிரமிளா.

"கையைச் சொல்கிறாய். நான் மனத்தைச் சொல்கிறேன். அந்த வீட்டில் எத்தனை ஆண்?"

"ஒருத்தரு."

"பிறகென்ன?" என் பக்கம் திரும்பினார். "ஐயா, நேர்த்தியான கோடுகள். உங்கள் தொழிலே கோடு. தூண்டுதல் உங்களுடையது, அவர் கை உதவியிருக்கிறார். சிந்தனைப் பிரிவில் முதல் பரிசு. கையெழுத்துப் போடுங்கள்."

பேனாவை நீட்டினார். வாசலில் புனிதா நின்றுகொண்டிருந்தாள், கையில் என்னுடைய ஹெல்மெட்டோடு. கிளம்பலாம் என்று சொல்ல வந்திருப்பாள் போலிருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். எனக்கு அந்த நேரத்தில் காதில் கேட்டதெல்லாம் 'நெனைக்கவே இல்லீங்க' என்பதுதான். போட்டேன். என் கையெழுத்து எப்போதும் போல நேராக வந்தது.

ஐந்து நிமிடத்தில் புது அட்டை மாட்டினார்கள். 'பத்துமலை' என்று மட்டும். மாண்புமிகு எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மைக்கைக் கொடுத்து, இந்தப் படத்தின் பின்னால் இருக்கும் சிந்தனை என்ன என்று கேட்டார்கள். நான் கூட்டத்தைப் பார்த்தேன். அபுபக்கர் அண்ணன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அதற்குமேல் பொய் சொல்ல வரவில்லை.

"சிந்தனை எல்லாம் ஒண்ணுமில்ல," என்றேன். "பொறாமை. என் பொண்டாட்டி நல்லா வரையிறா. எனக்கு வராது. நான் இல்லாம அவ சந்தோசமா இருக்கா. எனக்குத் தாங்கல. இது அவ படம்."

பிறகு டாக்டர் மகேந்திரன் எழுந்து நின்று கைதட்டினார். மாண்புமிகு எழுந்தார். மண்டபமே எழுந்தது.

"என்ன துணிச்சல்!" என்று டாக்டர் மைக்கில் முழங்கினார். "ஆண்களுக்கு இல்லாத ஓர் உணர்வைக் கற்பனையால் உருவாக்கி, தானே வரைந்ததை இன்னொருவர் படம் என்று மறுத்து, படைப்பாளி யார் என்ற கேள்வியையே எழுப்பிவிட்டார்! இதைத்தான் நாங்கள் கலை என்கிறோம்."

புனிதா மறுத்தால் துயரம். நான் மறுத்தால் கலை. முழ உயரக் கோப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நான் கீழே இறங்கியபோது, அவள் ஹெல்மெட்டை என் கையில் கொடுத்து, "போலாமா?" என்றாள். கோப்பையை அவள்தான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒரு பாட்டும் முனகவில்லை.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. மன்றம் எனக்கு வாழ்நாள் உறுப்பினர் அட்டை அனுப்பியிருக்கிறது. பொறாமை வரிசையில் என்னுடைய இரண்டாவது படத்தை இந்த மாதக் கடைசிக்குள் எதிர்பார்க்கிறார்களாம். நானும் முயன்று பார்த்தேன். கார் நிறுத்துமிடம்தான் வருகிறது. நல்ல கலர் பென்சிலாக ஒரு பெட்டி வாங்கி வந்து புனிதாவிடம் நீட்டினேன். "வைங்க," என்றாள். இன்னும் பிரிக்கவில்லை.

போன செவ்வாய் மதியம் வேலை சீக்கிரம் முடிந்து வந்தேன். அவள் கதவைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தாளைக் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

நான் செருப்பைக் கழற்றினேன். தண்ணீர் குடித்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். தாளின்மேல் இருந்த அவள் கை அசையவில்லை.

"மன்றத்துக்குக் கேக்கல. சும்மா கேக்கறேன்," என்றேன். "இதுல நான் இருக்கேனா?"

"இருக்கீங்க," என்றாள்.

இந்தத் தடவை உண்மையாகவே காரணராகவா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவள் கையை எடுக்கவே இல்லை.